ஃபார்மேட் செய்ய முடியாத பென் டிரைவும் உங்கள் வாரண்டி பதிலும்

அனுப்புநர்:
டிடிபி, ஜெராக்ஸ் கடை உரிமையாளர்,
தஞ்சாவூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி,
பென் டிரைவ் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: வாரண்டிக் காலத்துக்குள் செயலிழந்த 64 ஜிபி பென் டிரைவை மாற்றித் தராதது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கடை வேலைக்காக உங்கள் பென் டிரைவை வாங்கினேன். அட்டையில் 5 ஆண்டு வாரண்டி என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. பில், சீரியல் எண் தெரியும் படம், உங்களோடு நடந்த மெயில்கள் எல்லாம் இத்துடன் இருக்கின்றன.

கோளாறு என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் உதவி மையத்தில் இதை யாரும் கேட்கவே இல்லை. டிரைவைச் செருகினால் விளக்கு எரிகிறது, விண்டோஸ் சத்தம் கொடுக்கிறது, டிரைவ் எழுத்தும் வருகிறது. திறந்தால் ‘டிஸ்கைச் செருகவும்’ என்கிறது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘நோ மீடியா’ (சேமிக்கும் இடமே இல்லை), கொள்ளளவு 0 பைட். யுஎஸ்பி ஹப் இல்லாமல், சிபியுவின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகவும் செருகிப் பார்த்தேன். வேறு கம்ப்யூட்டரிலும், லினக்ஸ் போட்ட லேப்டாப்பிலும் அதே கதைதான். டிவைஸ் மேனேஜரில் உங்கள் நிறுவனப் பெயர் வந்த இடத்தில் இப்போது டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் பொதுப்பெயர் வருகிறது. கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, ஆனால் பின்னால் உள்ள, ஃபைல்கள் பதிவாகும் ஃபிளாஷ் மெமரியை அதனால் அணுக முடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

இத்தனையையும் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினேன். ‘ஃபார்மேட் செய்து பாருங்கள்’ என்று பதில் வந்தது. விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் ‘க்ளீன்’ கட்டளை கொடுத்தால்கூட மீடியா இல்லை என்றுதான் சொல்கிறது, எதை ஃபார்மேட் செய்வது? அடுத்த மெயிலில் ‘செக்டிஸ்க் ஓட்டுங்கள்’ என்றார்கள். டிரைவில் பதிந்திருப்பதில் பிழை தேடும் கருவி அது. கட்டாத வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

அப்புறம் சர்வீஸ் சென்டர். அங்கிருந்தவர் டிரைவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் செருகவில்லை. ரசீதில் ‘ஃபிசிக்கல் டேமேஜ்’ என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். உறையில் விரிசல் இல்லை, முனை வளையவில்லை, துரு இல்லை. முனையில் டேட்டா இணைப்பு அறுந்திருந்தால் கம்ப்யூட்டர் டிரைவை அடையாளமே காணாது. இதுவோ எல்லாக் கம்ப்யூட்டரிலும் தலைகாட்டுகிறது.

மறுபடி எழுதிய பிறகு, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் பரிசீலிப்போம், பழைய டிரைவ் திரும்பக் கிடைக்காது, அனுப்புமுன் உள்ளிருப்பதை அழித்துவிடுங்கள் என்றீர்கள். நான் அதிகம் யோசிப்பது இதைத்தான். எங்கள் கடைக்கு வருகிறவர்களின் ஆதார் நகல், பத்திர நகல், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் அதில் இருக்கின்றன. என் கம்ப்யூட்டரில் பிரதி இருக்கிறது; டேட்டாவுக்கு உங்களிடம் நஷ்டஈடு கேட்கவில்லை. ஆனால் படிக்க முடியாத டிரைவை நான் எப்படி அழிப்பது? என்னால் படிக்க முடியாததை, மெமரி சிப்பைத் தனியே கழற்றிப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட முடியும். அது யார் கைக்குப் போகும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

எனவே, ‘ஃபிசிக்கல் டேமேஜ்’ எங்கே என்று படத்தோடு காட்டுங்கள், இல்லையென்றால் அதை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். புது டிரைவ் தாருங்கள், அல்லது பில் தொகையைத் தாருங்கள். பழையதன் மெமரி சிப்பை அழித்துவிடுவதாக எழுத்தில் உறுதி தாருங்கள். அது முடியாதென்றால் சர்வீஸ் சென்டர் ஊழியர் முன்னிலையில் நானே சிப்பை உடைத்து, சீரியல் எண்ணோடு ஒப்படைக்கிறேன்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன்பின் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். வழக்கு உங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று வாரண்டி அட்டையில் போட்டிருக்கிறீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கடைக்கு வாங்கிய பொருள் என்றும் ஒதுக்க முடியாது. சுயதொழில் செய்து பிழைக்கிறவர் அதற்காக வாங்கிப் பயன்படுத்தினாலும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். ‘ஃபார்மேட் செய்து பாருங்கள்’ என்று மட்டும் தயவுசெய்து இன்னொரு மெயில் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்