சாய நோட்டைப் பூட்டி வைக்கச் சொன்னாயே

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். தொலைபேசியில் பேசினால் நடுவில் புகுந்து வாதாடுவாய், எனக்கும் கோபம் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

"வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செடிகொடிச் சாயம் போடுவதைச் சும்மா சொல்லிக் கொடுக்கிறாய். நாளைக்கு எவனாவது காப்புரிமை வாங்கிக்கொண்டு உன்னையே நீதிமன்றத்துக்கு இழுப்பான். நோட்டைப் பூட்டி வை" என்றாய். உன் அக்கறை புரிகிறது. ஆனால் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய்.

மஞ்சள் வழக்கை நீ அறிவாய். காயம் ஆற மஞ்சள்தூள் போடுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்து, 1997-இல் ரத்து செய்ய வைத்தது. எதைக் காட்டி? பழைய நூல்களையும் அச்சில் வந்த கட்டுரைகளையும் காட்டி. "எங்கள் பாட்டி காலத்திலிருந்து போடுகிறோம்" என்ற வாய்ப்பேச்சுக்கு அப்போது அங்கே மதிப்பிருக்கவில்லை. எழுதி, நாலு பேர் பார்க்க வைத்ததுதான் காப்பாற்றியது. பூட்டி வைத்திருந்தால் எதைக் காட்டியிருப்பார்கள்?

பூட்டி வைத்ததால் என்ன ஆயிற்று என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. கும்பகோணத்துக்கு அருகில் கோடாலிகருப்பூர். ஜரிகையும் பருத்தியும் சேர்த்து நெய்து, மெழுகு தீட்டி, சிவப்புச் சாயம் ஏற்றித் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென்றே சேலை செய்தார்கள். 1855-இல் அந்த அரசு போயிற்று. கொஞ்ச காலத்தில் தொழிலும் போயிற்று. அந்தப் பழைய சேலைகளை இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள்தான் பார்க்க முடிகிறது. வாங்க ஆள் இல்லாமல் போனது முதல் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரெல்லாம் அறிந்த வேலையாக இருந்திருந்தால் எங்காவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நீ உடனே கேட்பாய், வெள்ளைக்காரன் கேட்டபோது சொல்லிக் கொடுத்துத்தானே ஏமாந்தோம் என்று. உண்மைதான். புதுச்சேரிப் பக்கம் இருந்த கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், கிறித்தவரான சாயத் தொழிலாளர்களைத் தனித்தனியே விசாரித்து, சோழமண்டலக் கரையில் துணிக்கு எப்படி வண்ணம் ஏற்றுகிறார்கள் என்று 1742-இல் தன் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். சொன்னவர்களுக்கு அதனால் காலணா பயன் இல்லை. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது. இதை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அந்தக் கடிதம் மட்டும் இல்லையென்றால், சிவப்புச் சாயம் தரும் சாயவேருக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீரும் உதவாது, ஒரு மாதிரி ருசியுள்ள தண்ணீர்தான் வேண்டும் என்பதெல்லாம் இன்று நமக்கு யார் சொல்வார்? 1869-இல் செயற்கைச் சிவப்பும் 1897-இல் செயற்கை நீலமும் கடைக்கு வந்தபின், வேர் தோண்டியவர்களும் நீலம் தரும் அவுரிச் செடி பயிரிட்டவர்களும் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கைவேலை வரவில்லை, எழுத்தும் இல்லை.

இனி நம் வீட்டுப் பின்கட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நான் ஏதோ தானதருமம் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். கொடுப்பதைவிட வாங்குவதுதான் அதிகம்.

போன மழைக்காலத்தில் ஒரு சிக்கல் வந்தது. துலுக்கசாமந்திப் பூவைக் கொதிக்க வைத்து, சாயம் பிடிப்பதற்காகப் படிகாரம் போட்ட துணியை இறக்கினால், புதுச்சேரியிலிருந்து வரும் டீச்சருக்குப் பளிச்சென்ற மஞ்சள். விழுப்புரத்துப் பெண்ணுக்கு அதே பூ, அதே அளவு, ஆனால் பாசி படிந்தாற்போல் ஒரு மங்கல் பச்சை. பூவைக் குறை சொன்னோம், படிகாரத்தைக் குறை சொன்னோம். மூலையில் உட்கார்ந்திருந்த சென்னிமலைக்கார அம்மா, நெசவாளி, வாயே திறக்காமல் எழுந்து போய் இரண்டு டம்ளரில் இரண்டு ஊர்த் தண்ணீரையும் ஊற்றி, ஆளுக்கு ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூளைப் போட்டார். ஒன்று பழுப்பாகவே நின்றது. விழுப்புரத்து ஆழ்குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் மை கலந்ததுபோல் கறுத்துவிட்டது. தண்ணீரில் இரும்பு! கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு, துணியில் சித்திரம் தீட்டும் கலம்காரிக்காரர்கள் கறுப்பு எடுப்பதும் இதே கணக்குதான். அந்த அம்மா பள்ளிக்கூடப் படியேறியவர் இல்லை. கதவைச் சாத்திவைத்திருந்தால் அவர் எப்படி உள்ளே வந்திருப்பார்?

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒருத்தி ஒரு பிடி சாயவேர் கொண்டுவந்தாள். நூல் போன்ற வேர். நகத்தால் கீறினால் பட்டையில் ஆரஞ்சு தெரிகிறது; சிவப்பெல்லாம் அந்தப் பட்டையில்தான். கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிய துணியில் படிகாரத்தால் கோடு போட்டுக் காயவைத்து, அலசி, வேரோடு கொதிக்கவைத்தோம். கோடு போடும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொதியில் படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவந்து வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பெண்கள் கூச்சலே போட்டுவிட்டார்கள்.

பொய்களும் இங்கேதான் உடைபடுகின்றன. பீட்ரூட் ரோஜா நிறம் தரும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர்களுக்கு, ஒரு துவையலில் அது ஓடிப்போவதைக் காட்டுகிறோம். செடியின் சாயம் என்றாலே கெடுதல் இல்லை என்று நினைத்து, சாயத்தோடு சேர்க்கும் நச்சு உப்பான மயில்துத்தத்தை வெறுங்கையால் அள்ளுகிறவர்களைக் கண்டிக்கிறோம்.

துணிக்கு நீலம் ஏற்றும் அவுரித் தாழியைப் பற்றி நீ கவலையே படாதே. உன் தாத்தா திண்டிவனம் பக்கத்துத் தொட்டியில் இறங்கி அவுரித் தண்ணீரைக் காலால் அடித்து நீலம் எடுத்தவர். அந்த நீலக்கட்டி, சுண்ணாம்பு, வேகவைத்த தகரை விதை, எல்லா அளவும் நோட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் இட்லி மாவு போலத்தான். அளவு தெரிந்தால் போதாது, புளித்தது மூக்குக்குத் தெரிய வேண்டும். தண்ணீர் மஞ்சள்பச்சைக்குத் திரும்பி, மேலே செம்புத் தகடுபோல் ஆடை மினுங்கும்போது துணியை இறக்க வேண்டும். பச்சையாக வெளியே வரும் துணி, காற்றுப் பட்டு நீலமாக வேண்டும். மாதக்கணக்கில் கூட இருந்து பழகாதவனுக்கு இது வராது. இதை யார் திருடுவது?

திருட்டே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கடைக்காரர் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் நம் அளவுகளையே தன் குடும்ப ரகசியம் என்று சொல்லிப் பெருந்தொகைக்கு வகுப்பு நடத்துகிறார். கோபம் வந்தது. அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் சாயமேறிய நூல் ஒரு துண்டு ஒட்டி, துணியின் எடை, எந்த ஊர்த் தண்ணீர், எந்த மாதம், எல்லாவற்றுக்கும் மேலே யார் சொன்னது என்று எழுதுகிறோம். எடுத்துக்கொண்டு போகிறவரும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். கடுக்காய் சோதனைப் பக்கத்தில் சென்னிமலை அம்மாவின் பெயர் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். தை மாதம் வரும்போது உன் கணினியில் இந்த நோட்டை ஏற்றிக் கொடு. நூல் துண்டுகளைப் பகல் வெளிச்சத்தில் படம் எடு. விளக்கில் எடுத்தால் நீலம் மாறித் தெரியும். பெயர்களை ஒன்றுவிடாமல் போடு, தேதியோடு. சில பக்கங்களில் மஞ்சள் தண்ணீர் சிந்தி எழுத்து கரைந்திருக்கிறது. அவற்றை என்னிடம் கேள், சொல்கிறேன். முடிந்தால் சமையல் தராசைவிட நுணுக்கமாக எடை காட்டும் சின்னத் தராசு ஒன்றும் வாங்கி வா.

அன்புடன்,
அம்மா