கைக்கு எட்டியது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள். எனக்குச் சர்க்கரை மறுபடி ஏறியிருக்கிறது. மருமகளின் கெடுபிடியும் கூடவே ஏறிவிட்டது.

போன வாரம் பேத்தி, “டான்டலைஸ்னா என்ன தாத்தா?” என்று கேட்டாள். ஆசை காட்டுவது என்றேன். “அப்போ டெம்ப்ட்?” என்றாள். மாட்டிக்கொண்டேன். நாற்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து என்ன பிரயோசனம், சொல்!

அப்புறம் அகராதியோடு உட்கார்ந்தேன். டான்டலைஸ் என்ற சொல் டான்டலஸ் என்ற பெயரிலிருந்து வந்ததாம். அவன் கிரேக்கக் கதைகளில் ஒரு ராஜா, தேவர்களின் தலைவன் சீயஸின் மகன். தேவர்களோடு பந்தியில் உட்காரும் அளவுக்குச் செல்லம். அவர்களுடைய அமுதத்தைத் திருடினான் என்று ஒரு கதை. பெற்ற பிள்ளையையே வெட்டிச் சமைத்து அவர்களுக்குப் பரிமாறினான் என்று இன்னொன்று. (உனக்கும் சிறுத்தொண்டர் ஞாபகம் வரும். ஆனால் அங்கே பிள்ளைக்கறி கேட்டது சிவன். இவனை யாரும் கேட்கவில்லை.)

அவனுக்குக் கிடைத்த தண்டனையைக் கிரேக்கக் கவி ஹோமர் சொல்கிறார். பாதாளத்தில் ஒரு குளம், மோவாய் வரை தண்ணீர். குடிக்கக் குனிந்தால் தண்ணீர் வற்றிக் காலடியில் கறுப்பு மண் தெரியும். தலைக்கு மேலே மாதுளை, அத்தி, பேரி எல்லாம் காய்த்துத் தொங்கும். கை நீட்டினால் காற்று கிளையை மேகத்துக்குத் தூக்கிவிடும்.

பேத்திக்கு இப்போது பதில் சொல்ல முடிந்தது. டெம்ப்ட் என்றால் எடுத்துத் தின்றுவிட்டு அப்புறம் அவதிப்படலாம். ஏவாளுக்குப் பழம் கிடைத்ததே! டான்டலைஸ் அப்படியில்லை. கிடைக்கவும் கிடைக்காது, கண்ணை விட்டும் போகாது. ஹோட்டல் விளம்பரக்காரர்கள் மசாலா மணத்துக்கெல்லாம் இந்தச் சொல்லைப் போடுகிறார்கள். பாவம், சாப்பாடு வராது என்றல்லவா அர்த்தமாகிறது!

1802-இல் எக்கபெர்க் என்ற ஸ்வீடன் வேதியியலாளர் ஒரு புது உலோகத்தைக் கண்டார். அதன் ஆக்சைடு அமிலத்தில் முழுகிக் கிடந்தும் அதைக் கொஞ்சமும் உறிஞ்சவில்லை. அதனால் டான்டலம் என்று பெயர் வைத்தார். செல்போன் மின்தேக்கிகளில் இருப்பது அதுதான். அதே கனிமங்களில் கூடவே கிடைக்கிற இன்னொன்றுக்கு 1844-இல் டான்டலஸின் மகள் நியோபி பெயரில் நியோபியம் என்று வைத்தார்கள். குடும்பமே தனிம அட்டவணைக்குள் குடியேறிவிட்டது.

இங்கிலாந்தில் மதுப்புட்டிகளைப் பூட்டி வைக்கும் ஒரு தாங்கிக்கும் டான்டலஸ் என்றே பெயர். புட்டி பளிச்சென்று தெரியும், சாவியில்லாமல் உருவ முடியாது. வேலைக்காரர்கள் எடுத்துக் குடித்துவிடக் கூடாதாம்.

அந்த ஏற்பாடு இந்த வீட்டிலும் உண்டு. அதிரசம் கண்ணாடி ஜாடியில், ஜாடி மேல் தட்டில், ஸ்டூல் மட்டும் மாடியில். நேற்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, “அம்மா, தாத்தாவை டான்டலைஸ் பண்றே!” என்று பேத்தி கத்தினாள். உச்சரிப்பு சுத்தம்.

தை பிறந்ததும் வருகிறாய்தானே? உன் ஊர் அல்வா வேண்டாம். அப்படியே வாங்கினாலும் பையின் அடியில் வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்