அமோரிம் பற்றிச் சண்டை போடும் யுனைடெட் ரசிகர்களுக்கு

அக்டோபர் 1, 2025

இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டைத் தமிழில் கொண்டாடி, தமிழிலேயே திட்டித் தீர்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை பிரென்ட்ஃபோர்டிடம் 3-1 என்று தோற்றதிலிருந்து நமக்குள் ஒரே பேச்சுதான். பயிற்சியாளர் ரூபென் அமோரிம் போக வேண்டுமா, இருக்க வேண்டுமா? இரண்டு பக்கமும் வார்த்தைகள் தடித்துவிட்டன. இருபது வருடமாக ஒன்றாக ஆட்டம் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் "நீயெல்லாம் ரசிகனா" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டோம். அதனால்தான் இந்த மடல்.

போகட்டும் என்பவர்கள் கையில் கணக்கு இருக்கிறது. அவர் வந்த பிறகு 33 லீக் ஆட்டங்கள், கிடைத்தது 34 புள்ளிகள். தொடர்ந்து இரண்டு லீக் ஆட்டங்களை இதுவரை ஜெயித்ததில்லை. போன சீசனில் 42 புள்ளிகளோடு 15ஆவது இடம். 1974இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு இவ்வளவு கீழே நாம் முடித்ததே கிடையாது. பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில், லீகில் நம்மைவிடக் கீழே கிடந்த டாட்டன்ஹாமிடம் தோற்றோம். இதற்கெல்லாம் நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. சொல்ல எதுவும் இல்லை.

ஆனாலும் இப்போது, இந்த மாதத்தில், அவரை அனுப்பச் சொல்லாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவருக்கு முன்பிருந்த பயிற்சியாளர் எரிக் டென் ஹாக் விஷயத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2023-24இல் லீகில் 8ஆவது இடம். கடைசியில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று ஜெயித்தார். அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நிர்வாகம் வாரக்கணக்கில் யோசித்தது. வேறு பயிற்சியாளர்களிடமும் பேசிப் பார்த்தது. அப்புறம் ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தையே 2026 வரை நீட்டித்தது. யோரோ, ஸிர்க்ஸி, டி லிக்ட், மஸ்ரவி, உகார்டே என்று 18 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து ஆள் எடுத்தது. டி லிக்டும் மஸ்ரவியும் அயாக்ஸில் அவரிடம் ஆடியவர்கள். இவ்வளவும் செய்துவிட்டு, ஒன்பது லீக் ஆட்டம் முடிந்ததும் அக்டோபர் 28ஆம் தேதி அவரை அனுப்பினார்கள். அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் கொடுத்த இழப்பீடு மட்டும் 1 கோடி பவுண்டைத் தாண்டியது என்று கிளப்பின் கணக்கறிக்கையே சொல்கிறது.

அந்த இடத்துக்கு வந்தவர்தான் அமோரிம். சீசன் முடிந்ததும் வருகிறேன் என்றுதான் அவர் கேட்டார், இப்போது வா, இல்லையென்றால் எப்போதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதைப் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் இருக்கும்போதே அவர் வெளிப்படையாகச் சொன்னார். மூன்று சென்டர் பேக்குகளை (நடுத் தடுப்பாட்டக்காரர்களை) வைத்து ஆடுபவர், நான்கு பேர் டிஃபென்ஸுக்காகச் சேர்த்த அணியை நவம்பரில் வந்து கையில் எடுத்தார். நிதானமாகப் பயிற்சி கொடுக்க நாள் இல்லை, வாரத்துக்கு இரண்டு ஆட்டம். ஜனவரியில் பிரைட்டனிடம் தோற்றதும், இந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே மோசமான அணி இதுவாக இருக்கலாம் என்று அவரே வாய்விட்டார். இந்தக் கோடையில்தான் அவருக்கு வேண்டிய ஆட்களை எடுத்தார்கள். குன்ஹா, ம்பூமோ, ஷெஷ்கோ, கோல்கீப்பர் லாமென்ஸ் என்று 20 கோடி பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது. இப்போது ஆறு லீக் ஆட்டம் முடிந்ததும் அவரையும் அனுப்பினால், போன அக்டோபரில் செய்ததையே மறுபடி செய்கிறோம். அடுத்து வருபவருக்கு விங்-பேக் (ஓரத்தில் தாக்கவும் தடுக்கவும் ஓடுபவர்) ஒத்துவராது. அந்த இடத்தில் ஆடும் டோர்கு எதற்கு என்பார். இன்னொரு 20 கோடி கேட்பார். அதையும் நாம்தான் கைதட்டி வரவேற்போம்.

2018 டிசம்பரில் மொரினியோவை அனுப்பியபோதும் நமக்கு உடனே ஒரு தெம்பு வந்தது. அடுத்து வந்த சோல்ஷார் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தார், பி.எஸ்.ஜி.யை சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேற்றிய அந்தப் பாரிஸ் இரவு வந்தது, மார்ச்சில் அவரையே நிரந்தரமாக்கினார்கள். சீசனின் கடைசி 12 ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு. 2021 நவம்பரில் அவரையும் அனுப்பினோம், இடைக்காலத்துக்கு ராங்னிக் வந்தார். அதைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பதே நல்லது. சரி, செல்சி 2021 ஜனவரியில் டூகலைக் கொண்டுவந்து மே மாதம் சாம்பியன்ஸ் லீக் ஜெயிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஜெயித்தார்கள்தான். அந்த அணி டூகலின் முறைக்கு ஏற்கெனவே பொருந்தி இருந்தது. நம் அணி எந்த முறைக்குப் பொருந்தும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து பயிற்சியாளர்கள் கேட்டு வாங்கிய ஆட்கள் ஒரே அறையில் உடை மாற்றுகிறார்கள்.

இருக்கட்டும் என்பவர்களிடம் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. தயவுசெய்து, நம் பழைய பயிற்சியாளர் ஃபெர்குசனுக்குப் பொறுமையாக நேரம் கொடுத்த கதையை இதில் இழுக்காதீர்கள். 1989 செப்டம்பரில் சிட்டியிடம் 5-1, டிசம்பரில் ஓல்ட் டிராஃபோர்டில் "மூன்று வருடச் சாக்குப்போக்கு போதும்" என்ற பொருளில் ஒரு பதாகை, 1990 ஜனவரி 7ஆம் தேதி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் அடித்த கோல், மே மாதம் கோப்பை. எல்லாருக்கும் மனப்பாடம். அந்த மூன்று வருடத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். அணியில் ஊறிப்போன குடிப்பழக்கத்தோடு மல்லுக்கட்டினார். ஊர் ஊராகச் சிறுவர்களைத் தேட ஆள் போட்டார். 1987 நவம்பரில் பின்னாளில் நம் நட்சத்திரமான ரயன் கிக்ஸின் பதினான்காவது பிறந்தநாளன்று, சிட்டி பக்கம் போக இருந்த பையனை மடக்க அவன் வீட்டுக்கே நேரில் போனார். 1987-88இல் லீகில் இரண்டாம் இடமும் வந்திருந்தது. ராபின்ஸும் கிளப்பின் இளைஞர் அணியில் வளர்ந்தவர்தான். அப்போதைய கிளப் தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பொறுமையாக இருந்தார் என்றால், காத்திருக்கக் காரணம் அவர் கண்ணெதிரே இருந்தது.

இன்று நம் கண்ணெதிரே இருப்பது என்ன? கோபி மேயினூ. நம் அகாடமியில் வளர்ந்தவன், சிட்டிக்கு எதிரான கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றி கோலை அடித்தவன். இந்த சீசனில் ஒரு லீக் ஆட்டத்தில்கூட முதல் பதினோரு பேரில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. வேறு அணிக்குக் கடனாகவாவது போகிறேன் என்று கேட்டான், அதற்கும் விடவில்லை. மிட்ஃபீல்டில் இரண்டே பேர். ஒருவர் 33 வயது காசெமிரோ, இன்னொருவர் கோலுக்குப் பக்கத்தில் ஆட வேண்டிய புரூனோ. எதிரணி அங்கே மூன்று பேரை நிறுத்தினால் முடிந்தது கதை. வாரா வாரம் அதே இடத்தில் அதே ஓட்டை தெரிகிறது. இந்த முறையை மாற்றுவீர்களா என்று அமோரிமைக் கேட்டால், போப்பாண்டவரே சொன்னாலும் மாற மாட்டேன் என்கிறார்.

லீக் கோப்பையில் கிரிம்ஸ்பியிடம் தோற்ற ஆட்டத்தை மறக்க முடியவில்லை. நான்காம் டிவிஷன் அணி அரை மணி நேரத்தில் இரண்டு கோல் அடித்துவிட்டது. மழையில், மைதான ஓரத்தில் பயிற்சியாளர்கள் உட்காரும் டக்அவுட்டில் உட்கார்ந்து, கையில் இருந்த சின்னப் பலகையில் காந்தப் பொட்டுகளை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார் அமோரிம். பெனால்டி நேரத்தில் உள்ளேயே இருந்துவிட்டார், பார்க்கவே இல்லை. பெனால்டியில் 12-11 என்று தோற்றோம். ம்பூமோ அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது மூலையில் இருந்த நம் பயண ரசிகர்களின் முகங்களைக் காட்டினார்கள். அவ்வளவு தூரம் போய் நனைந்துகொண்டு நின்றவர்களுக்கு, கடைசி வரை நின்று பார்க்கிற பயிற்சியாளர் வேண்டும். இதை அவருடைய ஆதரவாளர்கள் சொன்னால்தான் அவர் காதில் விழும்.

சனிக்கிழமை ஓல்ட் டிராஃபோர்டில் சண்டர்லாண்டோடு ஆட்டம். நமக்கு மாலை 7.30. அதன் பிறகு தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீகுக்கு இரண்டு வாரம் விடுமுறை. இந்த மாதிரி விடுமுறையில் பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. தோற்றுவிட்டால் அந்த இரண்டு வாரமும் நம் சத்தமே மேலிடத்துக்குக் காரணமாகிவிடும். ரசிகர்கள் கேட்டார்கள், செய்தோம் என்பார்கள். டிக்கெட்டை சீசன் நடுவில் 66 பவுண்டாக ஏற்றியபோதும், நூற்றுக்கணக்கான ஊழியர்களை வேலையைவிட்டு நிறுத்தியபோதும் ரசிகர்களின் பேச்சைக் கேட்காதவர்கள் அவர்கள். விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த்தைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து ஐந்தே மாதத்தில் வழியனுப்பியதும் அவர்கள்தான். 2005இல் கிளப்பை வாங்கிய கிளேசர் குடும்பத்தார் கிளப்பின் தலையில் கட்டிய கடன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் இந்தக் கேள்விகள் ஆறு மாதம் அடங்கிப்போகின்றன.

ஆகவே, "அமோரிம் வெளியே", "அமோரிம் உள்ளே" இரண்டையும் கொஞ்ச நாள் ஓரம் வைத்துவிட்டு, கிளப்பிடம் மூன்று விஷயங்களைக் கேட்போம். மே 24ஆம் தேதி கடைசி ஆட்டம் வரை இவர்தான், அதன் பிறகு ஒரு வாரத்தில் இருக்கிறாரா போகிறாரா என்று முடிவு சொல்வோம் என வெளிப்படையாக அறிவிக்கட்டும். ஜனவரியில் மிட்ஃபீல்டுக்கு ஆள் எடுக்கட்டும், எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் பயன்படுகிற ஆளாக. அதுவரைக்கும் மேயினூ ஆடட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்