வண்ணமீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். தயவுசெய்து கடைசி வரை படிக்கவும், பணம் பற்றிய பகுதி கடைசியில்தான் இருக்கிறது.

மாதக் கூட்டம் 12 நடக்க வேண்டியது, 9 நடந்தது. ஆகஸ்டில் கொளத்தூர் மீன் பண்ணைகளுக்கும் ஜனவரியில் பழவேற்காட்டுக்கும் போய் வந்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு கப்பி மீன் கொடுத்தோம். ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது.

அடுத்தது பெரிய தொட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தொட்டித் திட்டம் தோற்றது என்று வெளியில் தவறான பேச்சு இருக்கிறது.

சங்க அறையில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு தொட்டி வைத்து, அதில் சிச்லிட், செடி, சின்ன மீன் மூன்றையும் சேர்த்து வளர்க்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் நான் தீர்மானம் கொண்டுவந்தேன். சிச்லிட் மண்ணைத் தோண்டும், சின்ன மீனை விழுங்கும், அது இருக்கும் இடத்தில் செடி நிற்காது, சின்ன மீன் மிஞ்சாது என்று மூத்த உறுப்பினர்கள் சொன்னார்கள். அவர்கள் ஆஸ்கர், பிளவர்ஹார்ன் போன்ற பெரிய முரட்டு சிச்லிட் வளர்த்தவர்கள், அந்த அனுபவத்தில் அது சரி. ஆனால் சிச்லிட் என்பது ஒரு மீனின் பெயர் இல்லை, பெரிய குடும்பம். நாம் குழம்பு வைக்கும் ஜிலேபியும் சிச்லிட்தான், கேரளக்காரர்கள் கொண்டாடும் கரிமீனும் சிச்லிட்தான், எல்லார் வீட்டிலும் நீந்தும் ஏஞ்சலும் சிச்லிட்தான். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிச்லிட்டுக்குப் பாறையும் கடினமான (உப்புச்சத்து மிகுந்த) தண்ணீரும் வேண்டும். டிஸ்கஸ் என்ற சிச்லிட்டுக்கு மென்மையான தண்ணீரும் 28 டிகிரிக்குக் குறையாத சூடும் வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆறு ஏஞ்சல் குட்டிகள், சின்ன வகை சிச்லிட்டான கிரிபென்சிஸ் ஒரு ஜோடி, அவற்றோடு சின்ன மீனாக ரம்மிநோஸ் டெட்ரா, கோரிடோராஸ் என்று முடிவு செய்தோம். நியான் டெட்ரா வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். ஏஞ்சல் வளர்ந்ததும் அதை விழுங்கிவிடும். வாலைக் கடிக்கும் டைகர் பார்பும் வேண்டாம் என்றேன்.

இந்தத் தொட்டியில் சுமார் 680 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 680 கிலோ என்பதால்தான் மாடி அறையை விட்டுக் கீழ் அறைக்கு மாறினோம். வாடகை கூடியதற்கு அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

முதல் ஐந்து வாரம் மீனே விடவில்லை. வெறும் தண்ணீருக்கு எதற்கு கரண்ட் பில் என்று கேட்டார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பில்டரில் குடியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்கு முன் மீனை விட்டால் செத்துப் போகும். காத்திருந்த அந்த நாட்களில் செடி வைத்தோம். அனுபியாஸையும் ஜாவா பெர்னையும் மண்ணில் புதைக்காமல் மரக்கட்டையில் நூலால் கட்டினோம். அவற்றின் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும், கட்டையில் இருந்தால் எந்த மீனாலும் தோண்டிப் பிடுங்க முடியாது. பின்வரிசையில் வாலிஸ்னேரியா, இடது மூலையில் அமேசான் ஸ்வார்ட். ஸ்வார்டின் வேரைச் சுற்றிக் கூழாங்கல் அடுக்கினோம். சின்ன மீனை முதலில் விட்டு, சிச்லிட்டைக் கடைசியில் விட்டோம். சிச்லிட் முதலில் வந்தால் மொத்தத் தொட்டியும் தனக்கே என்று நினைத்துவிடும், அதனால்தான் இந்த வரிசை.

அக்டோபரில் கிரிபென்சிஸ் ஜோடி ஓட்டை போட்ட கொட்டாங்குச்சிக்குள் போய்க் குடியேறியது. பெண் மீனின் வயிறு செர்ரிப் பழம்போல் சிவந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு காலை நான் விளக்கைப் போட்டபோது, தாயும் தகப்பனும் நடுவில் குஞ்சுக் கூட்டத்தை வைத்துக்கொண்டு செடிக்குள் மேய்த்துக்கொண்டு போயின. பக்கத்தில் வந்த கோரிடோராஸை விரட்டியதே தவிரக் கொல்லவில்லை. அன்றைக்கு அறையில் நானும் வாட்ச்மேன் அண்ணனும் மட்டும்தான் இருந்தோம். எல்லாரும் பார்த்திருக்க வேண்டிய காட்சி அது.

டிசம்பரில் ஒரு உறுப்பினர் வீட்டில் இடம் போதவில்லை என்று தன் ஆஸ்கரை யாரையும் கேட்காமல் இந்தத் தொட்டியில் விட்டுவிட்டுப் போனார். பெயர் சொல்லவில்லை. நான்கு அங்குலம்தானே என்றார். ஆஸ்கர் ஒரு அடி வரை வளரும் மீன். மறுநாள் 20 ரம்மிநோஸில் 11 இருந்தது, வாலிஸ்னேரியா பாதி மேலே மிதந்தது, குஞ்சு ஒன்றுகூட இல்லை. தொட்டித் திட்டம் தோற்றது என்று பேசுபவர்கள் இந்த ஒரு நாளைத்தான் பார்த்தார்கள். அதற்கு முன் மூன்று மாதம் அது நன்றாக நடந்ததையும், பிப்ரவரியில் அதே ஜோடி மறுபடி முட்டையிட்டதையும் யாரும் சொல்வதில்லை.

என் பக்கத் தவறையும் பதிவு செய்கிறேன். நம் பகுதித் தண்ணீர் கடினமானது என்று தெரிந்தும், அழகுக்கு ஆசைப்பட்டு, மென்மையான தண்ணீர் கேட்கும் ராம் சிச்லிட் நான்கு வாங்கினேன். ஒன்றுகூட தங்கவில்லை. அந்தச் செலவை என் கையிலிருந்து போட்டுவிட்டேன்.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். அது 170 லிட்டர், அதாவது சுமார் 11 குடம். முதல் நாளே மெட்ரோ தண்ணீரை டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் ஓட்டி, குளோரின் போக விட வேண்டும். ஞாயிறு காலை வரும் உறுப்பினர்கள் என்று பட்டியல் போட்டு ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். ஆண்டு முழுவதும் வந்தது இரண்டு பேர். மற்ற வாரங்களில் நானும் என் மகனும் தூக்கினோம். அவனுக்கு இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு.

வரவு செலவு: சந்தாவும் நன்கொடையும் வரவு; தொட்டி, ஸ்டாண்ட், பில்டர், விளக்கு, வாடகை, கரண்ட் எல்லாம் செலவு. 2023 மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் எல்லாரும் மீனை இழந்ததால், பேட்டரி ஏர் பம்ப் இரண்டு வாங்கினோம். சிறிய பற்றாக்குறை இருக்கிறது. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 43 உறுப்பினர்களில் 19 பேர் சந்தா பாக்கி. மாதம் 100 ரூபாய். அந்த 19 பேரும் கட்டினால் பற்றாக்குறை இல்லை.

தலைவர், பொருளாளர், வீட்டு உரிமையாளர், மூங்கில் கூடையில் செடி கொண்டுவந்து தந்த அம்மா, வாட்ச்மேன் அண்ணன் எல்லாருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். ஏஞ்சல்களில் ஒரு ஜோடி சேர்ந்து ஸ்வார்ட் இலையைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் விரட்டுகிறது. அந்த நான்கிற்கும் நல்ல வீடு வேண்டும், கேட்பவர்கள் பெயர் கொடுக்கலாம். கோடையில் தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜன் குறையும், மதிய நேரத்தில் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். செயலாளர் பொறுப்புக்கு நான் மறுபடி நிற்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அறைச் சாவி இரண்டு இருக்கிறது, இரண்டும் இப்போது என்னிடம்தான். ஒன்றை இன்றைக்கே யாராவது வாங்கிக்கொண்டால் நல்லது. இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு டிரம் நிரம்பியிருக்கும்.

செயலாளர்