‘இந்தியா முழுவதும் 3–5 நாள்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்

திருப்பூர், ஈரோடு, கரூர் பகுதிகளில் இணையக் கடை நடத்தும் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் கடைப் பக்கத்தில் விலைக்குக் கீழே ‘இந்தியா முழுவதும் 3–5 வேலை நாட்களில் டெலிவரி’ என்று ஒரு வரி இருக்கிறது. பெருந்துறைக்கும் அதே வரி, அந்தமானுக்கும் அதே வரி. அதை எடுத்துவிட்டு, வாங்குபவரின் பின்கோடுக்கு ஏற்ற தேதியைப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில், டெலிவரி நாட்களை எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். கூரியர்காரர் சொன்ன நாளைத்தான் பல கடைகள் அப்படியே எடுத்துப் போடுகின்றன. அவர் கணக்கு, பார்சல் கைக்கு வந்து, அதன் லேபிளை முதல்முறை ஸ்கேன் செய்த பிறகுதான் தொடங்கும். வாங்குபவரின் கணக்கு பணம் கட்டிய நிமிடமே தொடங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு ஓர் ஆர்டர் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய பிக்கப் வண்டி 4 மணிக்கே போயிருக்கும். சனிக்கிழமை மாலை வண்டியில் ஏற்றினாலும் ஞாயிறு டெலிவரி இல்லையென்றால், 450 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சென்னைக்கே திங்களோ செவ்வாயோதான். சனிக்கிழமை பிக்கப்பைத் தவறவிட்டால் புதன். சேலைக்கு ஃபால்ஸ் வைத்துப் பீக்கோ அடித்துத் தருகிறீர்கள் என்றால் அதற்கு இரண்டு நாள் தனி. படம் அச்சிட்டுத் தரும் டிஷர்ட்டுக்கும் அப்படித்தான்.

இதில் ஒரு கெட்ட பழக்கம் வேறு. லேபிள் அச்சடித்த உடனேயே ‘உங்கள் பொருள் அனுப்பப்பட்டது’ என்று வாடிக்கையாளருக்குச் செய்தி போய்விடுகிறது. பார்சல் இன்னும் பேக்கிங் மேசை மேல்தான் கிடக்கிறது. அவர் ட்ராக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்தால் இரண்டு நாளாக ஒன்றும் அசையாது. மூன்றாம் நாள் போன் வருகிறது. கூரியரின் முதல் ஸ்கேனுக்குப் பிறகே அந்தச் செய்தி போகும்படி மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே ‘என் பார்சல் எங்கே’ என்ற அழைப்புகளில் ஒரு பகுதி நின்றுவிடும்.

அடுத்தது தூரம். திருப்பூரிலிருந்து டெல்லி சாலை வழியாக 2,500 கிலோமீட்டர் போல. லாரி நாளொன்றுக்கு 500 கிலோமீட்டர் ஓடினாலும் சாலையிலேயே ஐந்து நாள். அதற்கு மேல் இரண்டு மூன்று ஹப்களில் இறக்கிப் பிரித்து ஏற்ற வேண்டும். தரைவழிக் கட்டணம் கட்டிவிட்டு விமானவழி நாளைச் சொல்வது வாங்குபவரை ஏமாற்றுவதுதான். கௌஹாத்திக்கு சிலிகுரியின் குறுகிய வழியைத் தாண்டித்தான் லாரி போயாக வேண்டும். மழைக்காலத்தில் அதற்கப்பால் நிலச்சரிவும் உண்டு. தீபாவளி காம்போ என்று சேலையோடு ஒரு சென்ட் பாட்டிலைச் சேர்த்தால், தீப்பிடிக்கும் பொருள் என்பதால் பொதுவாக அந்தப் பார்சல் விமானத்தில் ஏறாது. அந்தமான் ஆர்டருக்கு அந்தக் காம்போவைக் காட்டவே வேண்டாம்.

மாநிலம் வாரியாக நாள் போடுவதும் சரிப்படாது. புதுச்சேரி என்று பட்டியலில் தேர்ந்தெடுப்பவர் மாஹேக்காரராக இருந்தால் பின்கோடு 673310, பார்சல் கேரளத்துக்குப் போக வேண்டும். ஏனாம் என்றால் 533464, ஆந்திரம். ஊர் என்ற இடத்தில் சென்னை என்று எழுதியிருப்பார், பின்கோடு 603202 என்றிருக்கும், அது கூடுவாஞ்சேரி. முதல் மூன்று எண் ஒன்றாக இருந்தாலும் நாள் ஒன்றாக இருக்காது. பொள்ளாச்சிக்கும் 642தான், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய வால்பாறைக்கும் 642தான். கொடைக்கானல், கூடலூர், ஏற்காடு போன்ற மலை ஊர்களின் பின்கோடுகளைத் தனியே எடுத்து ஒன்றிரண்டு நாள் கூட்டி வையுங்கள்.

சரி, எந்த நாளைப் போடுவது? சராசரியைப் போடாதீர்கள். ஒரு பகுதிக்குக் கடைசியாகப் போன 20 பார்சலை எடுத்து, ஆர்டர் விழுந்ததிலிருந்து கைக்குப் போனது வரை எத்தனை நாள் என்று வரிசைப்படுத்துங்கள். உதாரணத்துக்கு: 3 நாளில் ஐந்து, 4 நாளில் ஏழு, 5 நாளில் நான்கு, 6 நாளில் இரண்டு, 8 நாளில் ஒன்று, 11 நாளில் ஒன்று. சராசரி 4.7. அதை நம்பி ‘5 நாள்’ என்று எழுதினால் இருபதில் நான்கு பேருக்குச் சொன்ன சொல் தவறுகிறது. சிறியதிலிருந்து எண்ணி 18-வது பார்சலின் நாளை எடுங்கள், அது 6. அதைப் போட்டால் இரண்டு பேருக்குத்தான் தவறும். திரும்பி வந்த பார்சல்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள். தாமதமானதாலேயே வாங்க மறுக்கப்பட்ட கேஷ் ஆன் டெலிவரி பார்சல் அதில் நிறைய இருக்கும். மாதம் ஒருமுறை கணக்கைப் புதுப்பியுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மூன்று வாரங்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும், சென்ற ஆண்டின் அதே வாரங்களை வைத்து.

டெலிவரி நாளை வெறும் எண்ணிக்கையாகவும் சொல்லாதீர்கள். ‘6 வேலை நாள்’ என்றால் சனிக்கிழமை சேர்த்தியா என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? ‘செவ்வாய் 14-ம் தேதிக்குள்’ என்று எழுதுங்கள். அதுவும் பணம் கட்டும் பக்கத்தில் மட்டுமல்ல, பொருளைப் பார்க்கும் பக்கத்திலேயே, பின்கோடு போட ஒரு கட்டத்தோடு. கல்யாணத்துக்கு எடுப்பவர் தேதி பார்த்துத்தான் முடிவெடுப்பார். நம்மால் முடியாது என்றால் அவர் உள்ளூர்க் கடைக்குப் போகட்டும்.

இது சட்டத்திலும் இருக்கிறது. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அறிவித்த நாளுக்குப் பிந்தி வந்த பொருளை வாங்குபவர் திருப்பித் தந்தால் மறுக்கக் கூடாது. வெள்ளம் போல நம் கையில் இல்லாத காரணத்துக்கு மட்டும் விலக்கு.

தாமதமாகத்தான் செய்யும் சில. 48 மணி நேரம் ஸ்கேன் அசையவில்லை என்றால் கூரியரில் புகார் பதியுங்கள். அன்றே வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் புதுத் தேதியைச் சொல்லி, வேண்டாமென்றால் பணம் திரும்பும் என்றும் எழுதுங்கள். ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று குறிப்பு வந்தால் அன்றைக்கே அவரை அழைத்துக் கேளுங்கள். பல நேரம் டெலிவரிப் பையன் அந்தத் தெருவுக்கே போயிருக்க மாட்டார். நீங்கள் பதில் போடாவிட்டால் இரண்டு மூன்று முயற்சியோடு பார்சல் திரும்பிவிடும்.

அடுத்த பண்டிகைக் கூட்டம் தொடங்குமுன் அந்த வரியை மாற்றிவிடுங்கள். முதலில் அதிக ஆர்டர் வரும் பத்து பகுதிகளுக்கு மட்டும் கணக்குப் போட்டால்கூடப் போதும், மற்றதை அப்புறம் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
பேக்கிங் மேசையிலும் வாடிக்கையாளர் அழைப்பிலும் வேலை பார்ப்பவர்கள்