எல்லா மூக்கு ரத்தமும் சூட்டினால் வருவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சில்லுமூக்கு உடைவது பற்றி உங்கள் கோடைக்கால மருத்துவக் குறிப்பைப் படித்தேன். இளநீர் குடியுங்கள், வெயிலில் அலையாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் அம்மாவுக்கும் நாற்பது வருடமாக இதைத்தான் சொன்னார்கள். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் அவருக்கு மூக்கில் ரத்தம் கொட்டும். கறை தெரியக்கூடாதென்று தலையணைக்கு அரக்கு நிற உறைதான் போடுவார். கீழுதட்டிலும் நாக்கிலும் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. மச்சம் என்றே நினைத்தோம்.

போன வருடம் தம்பிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி, பிறகு சைக்கிள் கடையிலேயே வலிப்பு. ஸ்கேனில் மூளையில் சீழ்க்கட்டி. வார்டுக்கு வந்த ஒரு டாக்டரம்மா அவன் உதட்டைப் பார்த்துவிட்டு, சிறு கண்ணாடித் துண்டைப் புள்ளி மேல் வைத்து அழுத்தினார். சிவப்பு மறைந்தது. எடுத்ததும் திரும்ப வந்தது. "வீட்டில் வேறு யாருக்காவது மூக்கில் ரத்தம் வருமா?" என்றார். அம்மாவிடம் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

நோயின் பெயர் எச்.எச்.டி. (HHT). பரம்பரையாக வரும் ரத்தக்குழாய்க் கோளாறு. தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்க வேண்டிய நுண்குழாய்கள் அங்கங்கே இல்லாமல் போய், இரண்டும் நேரடியாகச் சேர்ந்து புடைத்துக்கொள்கின்றன. தோலில் புள்ளியாகத் தெரிவதும் மூக்கில் உடைவதும் அதுதான். தம்பிக்கு நுரையீரலிலும் இருந்தது. ரத்தத்தில் வரும் கிருமியை நுரையீரல் சல்லடை போல வடிகட்டுமாம். அந்தக் குறுக்கு வழியில் வாய்க்கிருமி வடிபடாமல் மூளைக்குப் போயிருக்கிறது. தொடை வழியாகக் குழாய் விட்டு, கம்பிச்சுருள் வைத்து அடைத்தார்கள். இனி பல் பிடுங்குவதென்றால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் எடுத்தாக வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் அன்றும் கொடுத்திருப்பார்கள். இதை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் தையல் வேலை செய்பவள். விரல் நுனியில் இருந்த மூன்று புள்ளிகளை ஊசி குத்திய தழும்பென்று நினைத்திருந்தேன். எனக்கும் இருக்கிறது. மகளுக்குப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. அடுத்த முறை மூக்கு ரத்தம் பற்றி எழுதும்போது, அடிக்கடி ரத்தம் வந்து, உதட்டிலோ விரலிலோ புள்ளியும் இருந்து, வீட்டில் இன்னொருவருக்கும் அப்படியே இருந்தால் நுரையீரலையும் பார்க்கச் சொல்லி இரண்டு வரி சேருங்கள்.

ஒரு வாசகி,
அருப்புக்கோட்டை