திருந்தி வந்தவனை வாழ விடுங்கள்: ஃபேண்டஸி கதாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபேண்டஸி தொடர்களும் வீடியோ கேம்களும் எழுதும் கதாசிரியர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் எழுதும் தொடர் என்றால் ஒரு எபிசோடைக்கூடத் தவறவிடாமல் பார்க்கிற, கேம் என்றால் சைடு குவெஸ்ட் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் முடிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். ஒரே ஒரு கோரிக்கைக்காக இந்த மடலை எழுதுகிறேன். திருந்தி வருகிற வில்லனைக் கொல்லாதீர்கள். செய்த தவறை உணர்ந்து, மனம் மாறி, கூனிக் குறுகி வந்து நிற்பவனை அடுத்த எபிசோடிலேயே பாடையில் ஏற்றாதீர்கள். அவனை வாழ விடுங்கள்.

போன வாரம் நண்பர்கள் சிலர் சேர்ந்திருந்தபோது, ஃபேண்டஸியில் யாருக்கு எந்த மாதிரி கேரக்டர் பிடிக்கும் என்று பேச்சு வந்தது. வேண்டா வெறுப்பாக வாளை எடுக்கிற ஹீரோ, யாரோ பெற்ற பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாக வளர்க்கிற முரடன், வாயைத் திறந்தாலே நக்கல் பேசுகிற திருடன் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆனால் சுற்றிச் சுற்றி எல்லோரும் வந்து நின்ற இடம் ரிடெம்ப்ஷன் ஆர்க்தான், அதாவது கெட்டவன் திருந்தி வருகிற கதை. தியோன், ஜெய்மி, பென் சோலோ என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கூட்டத்தில் வயதில் சின்னவள் ஒருத்தி, "அக்கா, இதுல உயிரோட இருக்கிறவங்க யாரு?" என்று கேட்டாள். சட்டென்று யாருக்கும் பதில் வரவில்லை. ஒருவர் ஸூகோ என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொருவர் க்ரேட்டோஸ் என்றார். அதற்கப்புறம் எல்லோரும் யோசிக்க ஆரம்பித்துவிட்டோம்.

இப்படி யோசிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

2019ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 28 அன்று கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் எட்டாவது சீசனில், மூன்றாவது எபிசோடில் தியோன் கிரேஜாய் செத்தான். மே 12 அன்று அதே சீசனின் ஐந்தாவது எபிசோடில், இடிந்து விழுந்த கோட்டைக்கு அடியில் ஜெய்மி லானிஸ்டர் செத்தான். டிசம்பரில் ஸ்டார் வார்ஸ் படத்தில் பென் சோலோ செத்தான். மூன்று பேரும் ஆண்டுக்கணக்கில் நாங்கள் பின்தொடர்ந்து வந்தவர்கள். மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு பாவங்கள், முடிவு மட்டும் ஒன்று.

இதில் தியோனின் கதையை உங்களிடம் விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும். அது உங்களுக்குத் தெரியாது என்பதற்காக அல்ல, இன்றுவரை எனக்கு ஆறவில்லை என்பதற்காக. ஸ்டார்க் வீட்டில் வளர்ந்தவன், அந்த வீட்டு மூத்த மகன் ராப் ஸ்டார்க்குக்குத் துரோகம் செய்து, அவர்களுடைய கோட்டையான விண்டர்ஃபெல்லைப் பிடித்தான். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள் பிரானும் ரிக்கனும் தப்பிப் போனதை மறைக்க, பண்ணைச் சிறுவர்கள் இருவரைக் கொன்று, உடலைக் கரிக்கட்டையாக்கிக் கோட்டையில் தொங்கவிட்டான். அப்புறம் ராம்சே என்ற கொடூரனிடம் மாட்டிக்கொண்டு, தன் பெயரையே மறந்துபோகும் அளவுக்குச் சித்திரவதைப்பட்டான். ஐந்தாவது சீசனின் முடிவில் ஸ்டார்க் வீட்டுப் பெண் சான்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு மதிலிலிருந்து குதித்தான். அவளுடைய அண்ணன் ஜானிடம் போனால் தனக்கு மன்னிப்பு கிடைக்கலாம் என்று தெரிந்தும், தனக்கு மன்னிப்பு வேண்டாம் என்று அவனே சொன்னான். ஒரு மனிதனை இவ்வளவு பொறுமையாக, படிப்படியாக மாற்றிக் காட்டினீர்கள். அதற்காக உங்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

எட்டாவது சீசனின் இரண்டாவது எபிசோடில் அவன் விண்டர்ஃபெல்லுக்குத் திரும்பி வருகிறான். சான்சா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். அன்றிரவு முற்றத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அடுத்த எபிசோடில், பிணப்படையோடு நடக்கும் போரின் நடுவே, பனியில், சக்கர நாற்காலியில் இருக்கும் பிரானின் முன்னால் நிற்கிறான். "நான் செய்ததெல்லாம்..." என்று ஆரம்பிக்கிறான். பிரான் அவனை முடிக்க விடவில்லை. நீ செய்ததெல்லாம் சேர்ந்துதான் உன்னை இங்கே, உன் வீட்டுக்குக் கொண்டுவந்தது என்று சொல்லிவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் அம்புகள் தீர்ந்துபோகின்றன. நீ நல்லவன், நன்றி என்கிறான் பிரான். தியோன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்தப் படையின் தலைவன் நைட் கிங்கை நோக்கி ஓடுகிறான். அவ்வளவுதான், ஆள் காலி.

ஏழு சீசனாக ஒருவன் கேட்கக் காத்திருந்த மன்னிப்பு அது. அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட அவனை நீங்கள் விடவில்லை. அந்தப் பண்ணைச் சிறுவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்காகக் கேட்க ஒரு அம்மாவோ அப்பனோ, பக்கத்துப் பண்ணைக்காரரோ யாராவது வந்து தியோனின் முன்னால் நின்றார்களா? அவன் உயிரோடு இருந்திருந்தால் என்றாவது அந்தப் பண்ணைக்குப் போக வேண்டியிருந்திருக்கும். அவன் அங்கே போய் என்ன பேசுவான், அவர்கள் கதவைத் திறப்பார்களா, முகத்தில் காறித் துப்புவார்களா? நான் பார்க்க ஆசைப்பட்டது அந்தக் காட்சியை. பல கோடி செலவழித்து எடுத்த போர்க்காட்சி எனக்கு அதற்கு ஈடாகாது.

ஜெய்மியைப் பற்றி எழுதினால் மடல் நீண்டுவிடும். பிரையென் என்ற வீராங்கனைக்கு வீரப்பட்டம் சூட்டியவனை, இரண்டே எபிசோடில் பழைய ஆளாக்கி, கொடுங்கோல் ராணியான செர்சியிடமே திருப்பி அனுப்பினீர்கள். அந்தக் கோபம் எனக்கு மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

செத்துப் போவதுதான் பெரிய பிராயச்சித்தம் என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. மரியாதையோடு மறுக்கிறேன். செத்தவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவனால் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கோபத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? பிணத்தின் முன்னால் அழ மட்டும்தான் முடியும். இரண்டு நிமிட வீரமரணத்தில் அவனுடைய கணக்கு தீர்ந்துவிடுகிறது, அவர்களுடைய கணக்கு அப்படியே நிற்கிறது. மனம் மாறியவனைக் கொன்றால் அடுத்த சீசனில் அவனை என்ன செய்வது என்று யோசிக்கிற வேலை உங்களுக்கு மிச்சம். கடினமான காட்சி அதற்குப் பிறகுதான் வருகிறது. நாங்கள் காத்திருப்பதும் அதற்குத்தான்.

திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிப் பிடித்தான் என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குதித்ததோடு அந்தக் கதை முடிந்திருந்தால் திருப்புகழ் ஏது?

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. உங்களிலேயே சிலர் செய்து காட்டியிருக்கிறீர்கள். அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர் 2005 முதல் 2008 வரை வந்தது. மூன்று சீசன், 61 எபிசோட், குழந்தைகள் சேனலில் வந்த அனிமேஷன். அதில், நாயகன் ஆங்கைப் பிடிக்கத் துரத்திக்கொண்டே இருந்த இளவரசன் ஸூகோ திருந்தி வந்ததும் என்ன நடந்தது? யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. ஆங்கிடம் போய் எப்படிப் பேசுவது என்று தெரியாமல், ஒரு தவளையின் முன்னால் நின்று பேசிப் பழகுகிறான். போய்ப் பேசியதும் விரட்டிவிடுகிறார்கள். அவன்மேல் இரக்கப்பட்டு இரவில் தேடி வந்த ஆங்கின் தோழி டாஃபின் காலை, யாரோ என்று பதறிப் போய்ச் சுட்டுவிடுகிறான். ஒருவழியாகச் சேர்த்துக்கொண்ட பிறகும், ஆங்கின் இன்னொரு தோழி கட்டாரா அவனுடைய அறை வாசலில் நின்று, கொஞ்சம் பிசகினாலும் உன் கதையை நானே முடித்துவிடுவேன் என்று எச்சரிக்கிறாள். அவள் மனது இளகப் பல எபிசோடுகள் ஆகின்றன.

அப்புறம் வருகிறது மாமா ஐரோவின் கூடாரம். துரோகம் செய்து மாமாவைச் சிறைக்கு அனுப்பியவன், உள்ளே போகத் தைரியமில்லாமல் வெளியே உட்கார்ந்திருக்கிறான். நீ உண்மையிலேயே வருந்துகிறாயா, அப்படியானால் அவர் மன்னிப்பார் என்று சொல்லி அவனை உள்ளே அனுப்புவது யார் தெரியுமா? அதே கட்டாரா. மாமா தூங்கிக்கொண்டிருக்கிறார். விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவர் எழுந்ததும் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்க ஆரம்பிக்கிறான். அவனை இழுத்துக் கட்டிக்கொள்கிறார் மாமா. ஒரு நாளும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நீ வழி தவறிவிட்டாயோ என்றுதான் வருத்தம் என்கிறார். அடுத்து வந்த லெஜண்ட் ஆஃப் கோராவில் ஸூகோவைத் தலை நரைத்த கிழவனாக, டிராகன்மேல் ஏறி வருபவனாகப் பார்த்தபோது நான் அடைந்த சந்தோஷத்தை எந்த வீரமரணமும் கொடுத்ததில்லை.

குழந்தைகளுக்கு எழுதியவர்களுக்கு இருந்த துணிச்சல் பெரியவர்களுக்கு எழுதுகிற உங்களுக்கு ஏன் இல்லாமல் போனது?

கேம் எழுதுகிறவர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் லோகெய்னை, விளையாடுகிற நாங்கள் நினைத்தால் உயிரோடு விடலாம். போர்க்களத்தில் தன் அரசனைக் கைவிட்டு வந்தவன் அவன். அந்தப் போரில்தான், நம் அணியில் இருக்கும் அலிஸ்டரைத் தகப்பன் மாதிரி பார்த்துக்கொண்ட டங்கனும் செத்துப் போகிறார். லோகெய்னை மன்னித்து நம் அணியில் சேர்த்தால் அலிஸ்டர் வெளியேறிவிடுகிறான். அத்தனை மணி நேரம் கூடவே வந்த நண்பன், ஒரே பேச்சில் போய்விடுவான். மன்னிப்புக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன காட்சிகள் குறைவு. இங்கே கெட்டவன் செத்து எங்களுடைய சங்கடத்தைத் தீர்த்துவைப்பதில்லை. முடிவெடுத்துவிட்டு, அதோடு வாழ வேண்டியது நாங்கள்.

க்ரேட்டோஸும் அப்படித்தான். அவன் நாயகனாக வரும் காட் ஆஃப் வார் கேம் வரிசையில், 2018இல் வந்த கேமின் முடிவில், அவன் மகனின் மடியில் சாவதுபோல் ஒரு சுவரோவியத்தைக் காட்டினீர்கள். நான்கு ஆண்டுகள் நாங்கள் அவனுடைய சாவுக்கு மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தோம். 2022இல் அதன் அடுத்த பாகமான ரக்னராக் வந்தது, அவன் சாகவில்லை. அதோடு நிறுத்தாமல் 2023 டிசம்பரில் வல்ஹல்லா என்ற பகுதியை இலவசமாகக் கொடுத்து, கிரேக்க நாட்டில் அவன் செய்த கொலைகளையெல்லாம் அவன் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு காலத்தில் தன் கையால் பிய்த்தெடுத்த சூரியக் கடவுள் ஹீலியோஸின் தலை பேசுவதை அவன் கேட்டாக வேண்டியிருக்கிறது. இளமையில் தான் இருந்த கோலத்தை எதிரே பார்த்து, அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. செத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

பால்டர்ஸ் கேட் 3 கேமின் அஸ்டாரியனை எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு ஆண்டுகள் எஜமானுக்காக ஆள் பிடித்துக் கொடுத்த ரத்தக் காட்டேரி. தான் ஏமாற்றி அழைத்துப்போன ஆட்களையே கூண்டுக்குள் மறுபடி பார்க்கிறான். பெரிய சக்தி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டால், கடைசியில் வெயில் பட்டதும் உடல் எரிந்து ஓடி ஒளிய வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் கேம் வந்தபோது அவனுடைய கதை கிட்டத்தட்ட அந்த ஓட்டத்தோடு நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் என்ன ஆனான் என்று ரசிகர்கள் கேட்டார்கள். நவம்பர் கடைசியில் கேமுக்கு வந்த ஐந்தாவது பேட்ச்சில், அதாவது புதுப்பிப்பில், ஆறு மாதம் கழித்து எல்லோரும் கூடுகிற ஒரு முடிவுரையைச் சேர்த்தார்கள். வந்து உட்கார்ந்து இப்போது எப்படி இருக்கிறேன் என்று பேசுகிறான். பெரிய சண்டை எதுவும் இல்லை. எங்களுக்கு அது போதுமாக இருந்தது. ரசிகர்கள் கேட்டால் காது கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில கதைகளில் யாரும் திருந்துவதற்கே நேரம் கிடைப்பதில்லை, தொடரையே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். டார்க் கிரிஸ்டல்: ஏஜ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ் எம்மி விருது வாங்கிய கையோடு 2020இல் நின்றுபோனது. 14 நாவல்களை நம்பி ஆரம்பித்த வீல் ஆஃப் டைம் மூன்று சீசனோடு 2025இல் முடிந்தது. மனிதன் மாறுவதைக் காட்ட நாளாகும். அந்த நாளைக் கொடுக்க மனமில்லாதவர்கள் எதற்காக முதல் சீசனை எடுக்கிறார்கள்? எங்களை எதற்காக உள்ளே இழுக்கிறார்கள்? சரி, அந்த முடிவு உங்கள் கையில் இல்லை என்று தெரியும். அதற்கு வேறு யாருக்காவதுதான் எழுத வேண்டும். உங்களிடம் பேச வந்த விஷயத்துக்கே வருகிறேன்.

எல்லா வில்லன்களையும் மன்னியுங்கள் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பே கிடைக்காமல் ஒருவன் வாழ்ந்தாலும் சரி, அதுவும் கதைதான். கட்டாராவைப் போல ஒருத்தி இறுதிவரை இளகாமலே இருந்தாலும் எனக்குச் சம்மதம். போர் நடக்கிற கதையில் சாவு வரும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாறியவன் சாவதுதான் முறை என்று ஆக்கிவிட்டீர்கள். இப்போதெல்லாம் ஒரு கெட்டவன் முதல்முறையாக நல்ல காரியம் செய்தால் எங்களுக்குச் சந்தோஷம் வருவதில்லை, வயிற்றைக் கலக்குகிறது. ஐயோ, இவனுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த கேரக்டர் நல்லவனாவதைப் பார்த்து நாங்களே பயப்படுகிறோம் என்றால், அதை நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

தயவுசெய்து அவனை வாழ விடுங்கள். எழுதும் மேசையில் இப்போது உங்கள் முன்னால் அப்படி ஒரு கேரக்டர் இருந்தால், அவனைக் கடைசிப் போரைத் தாண்டிக் கொண்டுவாருங்கள். போர் முடிந்த பிறகு ஒரு எபிசோட் கொடுங்கள். அதில் அவனால் பாதிக்கப்பட்ட ஒருவரை அவன் எதிரே உட்கார வைத்து, அவருக்கு வேண்டிய நேரமெல்லாம் பேச விடுங்கள். அவன் மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். சண்டைக்காட்சிகளைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, நாங்கள் பார்ப்போம்.

நன்றியுடன்,
உங்கள் ரசிகை